பிரம்படி பட்ட முதுகுகள்

கோயிலில் அர்ச்சனைச் சீட்டு வாங்க நிற்கும் வரிசையில் பெரியவர்களின் வேண்டுதல் தலைமுறைக்குத் தலைமுறை மாறி வந்திருக்கிறது. முன்பெல்லாம் பிள்ளைக்கு வேலை கிடைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டோம். கிடைத்த பின்னர், தொலைவூருக்கு மாற்றல் வந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டோம். இப்போது பலர் பிள்ளையின் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லிவிட்டு, ‘இருக்கிற வேலை நிலைக்க வேண்டும்’ என்கின்றனர்.

நிறுவனங்கள் ஆட்களைக் குறைப்பது இதற்கு ஒரு காரணம். அது பற்றி இங்கே எழுதப் போவதில்லை. இன்னொரு காரணம் உண்டு. அது வரிசையில் நிற்கும் பெற்றோருக்கே பெரும்பாலும் தெரிவதில்லை. பிள்ளை அலுவலகத்தில் ஏதோ ஒரு பிழை செய்திருப்பான். தொகையில் ஒரு பூஜ்யம் கூடுதலாக விழுந்திருக்கும். ஒருவர் கணக்குக்குப் போக வேண்டிய பணம் மற்றொருவர் கணக்குக்குப் போயிருக்கும். ஒப்பந்தப்புள்ளி ஒன்றின் கடைசி நாள் கவனிக்கப்படாமல் கடந்திருக்கும். நஷ்டம் லட்சங்களில் நிற்கும். அவன் வீட்டில் சொல்லமாட்டான். நாள்தோறும் வந்த தொலைபேசி அழைப்பு வாரம் ஒருமுறை ஆகிவிடும். ‘அப்பா ராத்திரி தூங்கறதே இல்ல, தாத்தா’ என்று பேத்தி சொல்லித்தான் நமக்கே ஏதோ புரியத் தொடங்கும்.

இந்த அச்சத்தை நம் புராணம் அறியாமல் இல்லை. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம் சொல்லும் அறுபத்து நான்கு திருவிளையாடல்களில் மாணிக்கவாசகரைச் சார்ந்தவற்றை நாம் அனைவரும் அறிவோம். அரிமர்த்தன பாண்டியனிடம் அமைச்சராக இருந்த திருவாதவூரர், குதிரை வாங்கக் கொண்டுபோன அரசாங்கப் பொருளைத் திருப்பெருந்துறையில் சிவப்பணிக்குச் செலவிட்டார். குதிரை எங்கே என்று அரசனின் ஓலை வந்தது. ஆவணி மூல நாளில் வரும் என்று பதில் போயிற்று. நரிகள் பரிகளாகி வந்தன. அன்றிரவே மீண்டும் நரிகளாகி ஊளையிட்டு ஓடின. அமைச்சர் வைகையின் சுடுமணலில் நிறுத்தப்பட்டார். வைகை பெருகியது.

வங்கியில் கணக்குப் பார்த்தே வயதான என் போன்றவனுக்கு இந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் சற்றுச் சங்கடம் தோன்றும். எந்தத் தணிக்கையாளரும் இச்செலவை ஏற்கமாட்டார். ஒரு நோக்கத்துக்கு ஒதுக்கிய பணத்தை மற்றொரு நோக்கத்துக்குச் செலவிடுவது பிழையன்று, தெரிந்தே செய்வது. இறைவன் ஆட்கொண்ட அடியாரின் வரலாறு அது. நம் வீட்டுப் பிள்ளையின் மெமோவுக்கு அதை முன்னுதாரணமாகக் கொள்ள இயலாது. நான் சொல்ல வருவது அக்கதையின் பிற்பகுதியில் வரும் பிட்டு விற்கும் கிழவி வந்தியைப் பற்றி.

உடைந்த வைகைக் கரையை வீட்டுக்கு ஒரு பங்காக அடைக்க வேண்டும் என்பது அரசாணை. வந்திக்குக் கணவன் இல்லை, பிள்ளை இல்லை, கூலி கொடுத்து ஆள் பிடிக்கப் பொருளும் இல்லை. ஊரார் பங்கெல்லாம் அடைபட்டுவிட, அவள் பங்கு மட்டும் திறந்து கிடக்கிறது. அதன் வழியே வெள்ளம் வரும். அதற்குமுன் அரசனின் காவலர் வருவர். தனக்கு இடப்பட்ட வேலை முடியவில்லை, தண்டனை வரப்போகிறது என்னும் நடுக்கம்தான் அவள் சொக்கநாதரிடம் முறையிட்டதன் காரணம். உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பேசிக்கொண்டு, கூடையும் மண்வெட்டியுமாய் ஓர் ஆள் வருகிறான். வேலையை ஒழுங்காகச் செய்கிறானா என்றால் அதுவும் இல்லை. பாடுகிறான், ஆடுகிறான், பிட்டைத் தின்றுவிட்டு உறங்குகிறான். அரசன் பிரம்பை ஓங்கி அடிக்கிறான். அடி எல்லார் முதுகிலும் விழுகிறது. அரசன் முதுகிலும் விழுகிறது. கருவிலிருந்த குழவி மேலும் விழுகிறது.

ஆண்டுதோறும் ஆவணி மூலத் திருவிழாவில் மதுரையில் இது நடித்துக் காட்டப்படுகிறது. திருப்பரங்குன்றத்து முருகப்பெருமானும், திருவாதவூரிலிருந்து மாணிக்கவாசகரும் எழுந்தருள்கின்றனர். புட்டுத்தோப்பில் பிட்டுக்கு மண் சுமக்கும் காட்சியைக் காணக் கூட்டம் நெரிகிறது. இறைவன் எங்கும் உளன் என்பதால் அடி எல்லார் மேலும் பட்டது என்று பெரியோர் விளக்கம் சொல்வர். அது உண்மையே. ஆயினும் சம்பளம் வாங்கும் குடும்பத்தில் இருந்தவர்களுக்கு அந்தக் காட்சி மற்றொன்றையும் நினைவூட்டும். ஒருவன் வேலையில் அடிபட்டால் அவன் மனைவி, பள்ளி செல்லும் பிள்ளை, ஊரில் இருக்கும் தாய், தந்தை என்று ஒவ்வொரு முதுகிலும் அது விழுகிறது. சொல்லாமல் மறைத்தாலும் விழத்தான் செய்கிறது. எங்கிருந்து வந்த அடி என்று மற்றவர்களுக்குத் தெரியாமல் போவது ஒன்றுதான் வேறுபாடு.

இனி உலகியலுக்கு வருவோம். இந்த அச்சத்தில் பாதி, என்ன நடக்கும் என்று தெரியாததால் வருவது.

அரசுப் பணியிலும் அரசு வங்கிகளிலும் ஒருவரை நினைத்த மாத்திரத்தில் வெளியே அனுப்பிவிட இயலாது. முதலில் மெமோ கொடுத்து விளக்கம் கேட்பர். விளக்கம் நிறைவளிக்கவில்லை எனில் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வரும். பின்னர் விசாரணை, அதில் தன் தரப்பைச் சொல்லவும், ஆவணங்களைப் பார்க்கவும், சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யவும் இடமுண்டு. தற்காலிகப் பணிநீக்கம் செய்தாலும் பிழைப்பூதியம் என்று சம்பளத்தின் ஒரு பகுதியைக் கொடுத்தாக வேண்டும். அரசு ஊழியர்களுக்கு இப்பாதுகாப்பை அரசியலமைப்பின் 311ஆம் பிரிவே அளிக்கிறது. வங்கி ஊழியர்களுக்குப் பணி விதிகளும் தொழிற்சங்கங்களுடனான ஒப்பந்தங்களும் அளிக்கின்றன. தனியார் நிறுவனங்களில், சிறப்பாகக் கணினித் துறையில், இத்தனை படிகள் இருப்பதில்லை. அங்கே நியமனக் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதை எடுத்துப் படிப்பதே முதல் வேலை. சேர்ந்த நாளில் கையொப்பமிட்டபின் அதை மறுபடி பார்த்தவர்கள் மிகச் சிலரே.

பிழை வேறு, முறைகேடு வேறு என்பதை நம் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. அசாமில் நவ்காங் மாவட்டத்தின் துணை ஆணையராக இருந்த ஒருவர், 1960இல் நடந்த மொழிக் கலவரத்தின்போது திறமையாகச் செயல்படவில்லை, முன்யோசனை இல்லை என்று குற்றம் சாட்டப்பட்டார். ‘இந்திய ஒன்றியம் எதிர் ஜே.அகமது’ என்னும் அவ்வழக்கில் 1979இல் தீர்ப்பு வந்தது. திறமைக் குறைவோ, உயர்ந்த தரத்தை எட்டாமையோ தம்மளவில் ஒழுங்கீனம் ஆகா; கணிப்பில் நேரும் ஒரு தவறும் பொதுவாக ஒழுங்கீனம் ஆகாது என்றது நீதிமன்றம். விளைவு மிகக் கொடியதாய் இருந்தால் நிலை வேறாகலாம் என்ற எச்சரிக்கையும் அதிலேயே இருக்கிறது. ஆகவே பெரிய நஷ்டம் நேர்ந்த இடத்தில், ‘ஒன்றும் ஆகாது, கவலைப்படாதே’ என்று சொல்லிவிட இயலாது. பணத்தைக் கையாடியவனோடு தன்னை ஒரே தட்டில் வைத்து எண்ண வேண்டியதில்லை என்ற அளவுக்கு மனத்தைத் தேற்றிக்கொள்ளலாம்.

பெரிய இடத்துப் பிழை ஒன்றையும் சொல்கிறேன். 2020 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் சிட்டி வங்கி, ரெவ்லான் என்னும் அழகுப்பொருள் நிறுவனத்துக்குக் கடன் கொடுத்தவர்களுக்கு அந்நிறுவனத்தின் சார்பில் வட்டி அனுப்ப வேண்டியிருந்தது. வட்டி ஏறத்தாழ 78 லட்சம் டாலர். போனதோ ஏறத்தாழ 90 கோடி டாலர். கணினித் திரையில் மூன்று கட்டங்களில் குறியிட்டிருக்க வேண்டும். ஒன்றில் மட்டும் இட்டார்கள். ஒருவர் பதிவு செய்ய, மற்றொருவர் சரிபார்க்க, மூன்றாமவர் ஒப்புதல் தந்திருந்தார். முதல் இருவரும் இந்தியாவிலிருந்து பணியாற்றிய ஒப்பந்த நிறுவன ஊழியர்கள். மூன்றாமவர் அமெரிக்காவில் இருந்த வங்கியின் மேலாளர். மூவரும் சரியாகவே செய்ததாக நம்பியிருந்தனர். மறுநாள் வழக்கமான சரிபார்ப்பில் பிழை தெரிந்தது. உடனே அவர்கள் மேலே சொன்னார்கள். அன்றே பணத்தைத் திருப்பித் தருமாறு எல்லாருக்கும் அறிவிப்புப் போயிற்று. சிலர் திருப்பினர். ஏறத்தாழ 50 கோடி டாலரைச் சிலர் தர மறுக்க, 2021 பிப்ரவரியில் கீழ் நீதிமன்றம் மறுத்தவர்கள் பக்கமே தீர்ப்பளித்தது. 2022 செப்டம்பரில் மேல்முறையீட்டில் தீர்ப்பு மாறிற்று.

ஆறு கண்கள் பார்த்தும் தப்பியது அந்தப் பிழை. குழப்பமான திரையை வைத்துக்கொண்டு, அதில் தடுமாறியவனை மட்டும் குற்றவாளியாக்குவது எளிது. ஆயினும் நான் சுட்ட விரும்புவது அந்த மறுநாளைத்தான். மறுநாள் பார்த்தவர் அதை மேலே சொல்லாமல், தாமே சரிசெய்துவிடலாம் என்று இரண்டு நாள் காத்திருந்தால் திரும்பி வந்த பணமும் வந்திருக்குமா என்பது ஐயமே.

வங்கியில் பணியாற்றியவர்கள் அனைவரும் இதைக் கண்டிருப்பர். பிழை ஒரு நிமிடத்தில் நடந்துவிடுகிறது. அதை மறைக்க ஒரு பதிவு, அப்பதிவை மறைக்க மற்றொரு பதிவு என்று தொடங்கினால் நாள்தோறும் வேலை வைக்கிறது. விடுப்பு எடுக்க இயலாது. தான் இல்லாத நாளில் வேறொருவர் ஏட்டைத் திறந்துவிடுவார். விசாரணையில் பலர் வேலையை இழந்தது முதல் பிழைக்காக அன்று. பின்னால் போட்ட பொய்ப் பதிவுகளுக்காகவே. பரியாய் நின்றவை எல்லாம் ஓரிரவில் நரியாகி ஊளையிட்டதை இந்த இடத்தில் நினைத்துக்கொள்வேன்.

மேலதிகாரிகளாய் இருந்து ஓய்வுபெற்ற வாசகர்களும் இதைப் படிப்பர். நாமும் சற்று நினைத்துப் பார்க்கலாம். பிழை செய்தேன் என்று வந்து நின்றவனைக் கூடத்தில் எல்லார் முன்பும் வைத்துத் திட்டிய கிளையில், அடுத்தவன் வந்து நிற்கமாட்டான். பாண்டியன் முதுகிலும் பிரம்படி விழுந்ததன் பொருள் எனக்கு இப்போதுதான் சற்று விளங்குகிறது.

வீட்டிலுள்ள பெரியவர்கள் செய்யத் தக்கவை அதிகம் இல்லை. செய்யத் தகாதவை சில உண்டு. ‘நான் அப்பவே சொன்னேனே’ என்பது முதலாவது. அத்தை மகனின் பதவி உயர்வை இந்தச் சமயத்தில் நினைவுகூர்வது அடுத்தது. பிள்ளைக்குத் தெரியாமல் அவன் மேலாளரிடம் தொலைபேசியில் கெஞ்சுவதை அன்பின் மிகுதியால் சிலர் செய்கின்றனர்; அது அவனை மேலும் தலைகுனிய வைக்கும். நஷ்டத்தை ஓசையின்றி நிரப்பிவிட அன்றிரவே நகையை விற்பதும், கந்துவட்டிக்கு வாங்குவதும் கூடவே கூடாது. பணம் கட்ட வேண்டியிருந்தால் எவ்வளவு, எதற்காக என்று நிறுவனம் எழுத்தில் தரட்டும். பரிகாரம் செய்யலாம், அதனால் மனம் அமைதி பெறும். பரிகாரம் முடியும் வரையில் அலுவலகத்தில் சொல்லாதே என்று மட்டும் யோசனை சொல்ல வேண்டாம். விளக்கம் எழுதும்போது அருகில் அமர்ந்திருக்கலாம். நடந்ததை நடந்த வரிசையில், நேரத்தோடு, பிறர்மேல் பழி போடாமல், தான் செய்யாததை ஒப்புக்கொள்ளாமல் எழுதுவது எளிதன்று. சங்கத்துப் பொறுப்பாளரோ, வழக்கறிஞரோ ஒருமுறை அதைப் பார்த்துவிடுவது நன்று.

இன்னொன்று. ‘நான் இல்லாமல் போனால் எல்லாம் சரியாகிவிடும்’ என்பது போல ஒரு சொல் அவன் வாயிலிருந்து வந்தால் அதைக் கோபத்தில் சொன்னதாய்த் தள்ளிவிடாதீர்கள். அன்றிரவு அவனைத் தனியே விடாதீர்கள். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. கட்டணமில்லை, எந்நேரமும் பேசலாம், தமிழிலும் பேசலாம். இதைப் பூஜையறை நாட்காட்டியின் ஓரத்தில் எழுதி வைத்துக்கொள்வதில் தவறில்லை.

நான் அதிகாரியாய் இருந்த ஒரு கிளையில் 1990களின் நடுவில் நடந்ததைச் சொல்கிறேன். காசாளர் முப்பது வயதுக்காரர். மாலையில் கையிருப்பை எண்ணியபோது ஐந்நூறு ரூபாய்க் கட்டில் ஒன்று குறைந்தது. நூறு ரூபாய்க் கட்டில் ஒன்று கூடியது. கட்டுக்கு நூறு நோட்டு. பார்த்தவுடனேயே விளங்கிவிட்டது: யாருக்கோ நூறு ரூபாய்க் கட்டுக்குப் பதிலாக ஐந்நூறு ரூபாய்க் கட்டு போய்விட்டது. குறைவு நாற்பதாயிரம் ரூபாய். அன்றைய நிலையில் அவருக்கு அரை ஆண்டுச் சம்பளத்துக்கு மேல். உடன் பணியாற்றிய ஒருவர், நல்லெண்ணத்தோடுதான், காதோடு ஒரு யோசனை சொன்னார்: இன்றைக்குக் கணக்குச் சரி என்று கையெழுத்துப் போட்டுவிடு, காலைக்குள் பைனான்ஸ்காரரிடம் வாங்கி வைத்துவிடலாம். அவர் சிறிது நேரம் பேசாமல் நின்றார். பிறகு மேலாளர் அறைக்குள் போனார்.

அன்று கட்டுகளாகப் பணம் வாங்கிய நால்வர் வீட்டுக்கும் அன்றிரவே சென்றோம். மூவர் பையை எடுத்துவந்து எங்கள் முன்பே பிரித்துக் காட்டினர். நான்காமவர், பணத்தை அப்போதே ஒருவருக்குக் கொடுத்துவிட்டதாகச் சொல்லி, தம்மைத் திருடனாக்குவதாகச் சத்தமிட்டார். பணம் வரவில்லை. இன்றுவரை வரவில்லை. குறைவு மேலிடத்துக்குத் தெரிவிக்கப்பட்டது. விளக்கம் கேட்டார்கள், கொடுத்தார். எச்சரிக்கைக் கடிதம் ஒன்று வந்தது. தொகையை மாதத் தவணையில் பிடித்தார்கள். சில மாதம் அவரைக் காசுக் கவுண்ட்டரில் அமர்த்தவில்லை.

அலுவலகத்தில் அன்றே சொன்னவருக்கு வீட்டில் சொல்ல எட்டு நாள் ஆயிற்று. தெருமுனைப் பிள்ளையார் கோயிலுக்குப் போகாமல் காப்பி குடிக்காத தாயார் அவருடன் இருந்தார். மகன் தட்டில் சோற்றை அளைந்துவிட்டு எழுவதை எட்டு நாளும் பார்த்தவர், அன்றிரவு அருகில் வந்து உட்கார்ந்து கேட்டாராம். இவர் சொல்லி முடித்தார்.

“பணத்த நீ எடுத்தியாடா?”

“இல்லம்மா.”

“அப்ப என்ன, வா, சாப்பிடு.”

வேறொன்றும் கேட்கவில்லையாம். மறுநாள் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாரா என்று நான் கேட்டேன். தேங்காய் விலையையும் மிச்சம் பிடித்துத் தவணைக்குக் கொடுத்தார் என்று சிரித்தார். தவணை முடிந்த மாதத்தில் உடைத்தார்களாம், பதினொன்று.

அவர் மீண்டும் கவுண்ட்டருக்கு வந்தார். தலைமைக் காசாளராகி ஓய்வு பெற்றார். அந்த நாளுக்குப் பிறகு எந்தக் கட்டையும் சும்மா நீட்டியதில்லை. மேசைமேல் வைத்து, மேல்நோட்டில் விரல் பதித்து, ‘இது நூறு, பாத்துக்குங்க. இதுவும் நூறு’ என்று வாய்விட்டுச் சொல்லியே தள்ளுவார். வரிசை நகரவில்லையே என்று பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். அவர் காதில் அது விழுந்ததாகவே தெரியாது.